ஏலத்தில் எடுத்துவிட்டு அப்புறம் பேரம் பேசுபவர்களை என்ன செய்வது?

சேலத்துக்காரன்:

வணக்கம். மாமா சேர்த்து வைத்துவிட்டுப் போன வெள்ளி ரூபாய்களை அத்தைக்காக நான்தான் வாட்ஸப் ஏலக் குழுக்களில் போட்டு விற்றுக் கொடுக்கிறேன். பெரும்பாலும் நல்லவர்கள்தான், பணம் போடுகிறார்கள், காசு கைக்கு வந்ததும் நன்றி சொல்கிறார்கள். ஆனால் இப்போது இரண்டு பேரோடு பெரிய தலைவலி.

ஒருவர் 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயை எடுத்தார். அரசர் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து, அடுத்த வருடமே அச்சை மாற்றினார்களே, அந்தப் பன்றி ரூபாய். பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு, "இது பாலிஷ் போட்ட காசு, பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் எல்லாக் குழுவிலும் உன்னை ஏமாற்றுக்காரன் என்று போடுவேன்" என்கிறார். காசு மட்டும் அவரிடமே இருக்குமாம். இன்னொருவர் ஏலத்தில் கடைசிவரை விலையை ஏற்றி ஜெயித்துவிட்டு, இப்போது மெசேஜைப் பார்க்கிறார், பதில் போடுவதில்லை.

அத்தைக்கு இந்தப் பணம் தேவை. கெட்ட பெயரும் வரக்கூடாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழங்காசு:

முதல் ஆளுக்கு ஒரே பதில்தான்: "காசைத் திருப்பி அனுப்புங்கள், முழுப் பணமும் தருகிறேன்." பாதிப் பணம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். உண்மையிலேயே காசில் குறை கண்டவர் அதை வைத்துக்கொள்ள விரும்ப மாட்டார், தேய்த்துப் பளபளப்பாக்கிய காசுக்கு மதிப்பு குறைவு, சேகரிப்பவனுக்கு அது கண்ணை உறுத்தும். பேரம் பேச வந்தவர் "திருப்பி அனுப்பு" என்றதும் பெரும்பாலும் அடங்கிவிடுவார். இதைத் தனிச் செய்தியில் சொல்வதோடு நிறுத்தாமல், அட்மினையும் சேர்த்து வைத்துக்கொண்டு எழுத்தில் சொல்லுங்கள். நாளை அவர் எங்கே என்ன போட்டாலும், நீங்கள் முழுப் பணம் தருவதாகச் சொன்னது அங்கே இருக்கும்.

ஆனால் திரும்பி வருவது உங்கள் காசுதானா என்பதில் கவனம். அசலை எடுத்துக்கொண்டு, உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த வார்ப்புப் போலியை அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கால ரூபாய் 11.66 கிராம், 91.7 சதவீத வெள்ளி. தேய்ந்த காசு கொஞ்சம் குறையும், அதனால் அனுப்புவதற்கு முன்பே 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் நிறுத்து, தராசு எண் தெரியும்படி படம் எடுத்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் போக, விளிம்பின் வரிகளையும் எடுங்கள். கீறல், ஓரத்துப் பள்ளம், கறுப்புப் படிந்த இடம், இவை ஒவ்வொரு காசுக்கும் தனி, போலி செய்பவனால் அதையெல்லாம் கொண்டுவர முடியாது. ஏலத்தில் போட்ட படங்கள் உங்களிடம் இருக்குமே, இப்போது அவர் கையில் இருக்கும் காசைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். பார்சல் திரும்பி வந்தால் முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி வெட்டாமல் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள், நிறுத்துப் பார்த்துவிட்டுப் பணம் போடுங்கள்.

காசு உண்மையாகவே தேய்த்துக் கழுவப்பட்டது என்று தெரிந்தால் மனம் கோணாமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை ஏலத்தில் அதைச் சொல்லியே போடுங்கள், அதற்கும் வாங்க ஆள் உண்டு.

வைகைக்கரை:

பழங்காசு அண்ணன் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாப் புகாருக்கும் திருப்பி வாங்குவேன் என்று பழக்கிவிட்டால், வாங்கி ஒரு வாரம் வைத்து நாலு பேரிடம் விலை கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். போலி என்றாலோ சொன்னதற்கு மாறாக இருந்தாலோ மட்டும்தான், அதுவும் கையில் கிடைத்து இத்தனை நாளுக்குள் என்று ஏலப் பதிவிலேயே எழுதிவிடுங்கள். நான் ஏழு நாள் கொடுக்கிறேன்.

பதில் போடாத ஆள் விஷயம். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 64ஆம் பிரிவுப்படி, ஏலம் முடிந்ததாக அறிவித்ததும் விற்பனை முடிந்தது, அதற்கு முன்புவரைதான் கேட்டவர் பின்வாங்கலாம். ஆக நியாயம் உங்கள் பக்கம். ஆனால் ஒரு ரூபாய்க் காசுக்காகக் கோர்ட்டுக்குப் போக முடியுமா? ஈபேயிலேயே நான்கு நாளில் பணம் வராவிட்டால் விற்பவர் ரத்து செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். நீங்களும் ஒரு கெடு சொல்லுங்கள், தாண்டினால் அட்மினிடம் சொல்லி நீக்கச் சொல்லுங்கள்.

அவருக்கு அடுத்தபடியாக விலை கேட்டவருக்குக் காசைக் கொடுக்கும்போது ஒரு நியாயம் பாருங்கள். அந்த ஓடிப்போன ஆள்தான் அவரோடு போட்டி போட்டு விலையை ஏற்றினார் என்றால், அந்த ஏற்றம் பொய் ஏற்றம். ஓடிப்போனவர் கேட்டதையெல்லாம் நீக்கிவிட்டு, மற்றவர்கள் கேட்டதை வைத்து விலை சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ஆளை வைத்தே ஏற்றினீர்கள் என்ற சந்தேகம் வரும். முன்கூட்டி அறிவிக்காமல் விற்பவர் தன் ஆளை வைத்து ஏலம் கேட்டால் வாங்குபவர் அதை மோசடியாகவே கருதலாம் என்று அதே 64ஆம் பிரிவு சொல்கிறது.

தபால்பெட்டி:

அனுப்பும் விஷயத்தில் இரண்டு வார்த்தை. இன்சூரன்ஸ் இல்லாமல் போன ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால், கட்டிய கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது 1000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் நஷ்ட ஈடு. விலையுள்ள காசு என்றால் இன்சூர் செய்யாமல் அனுப்பவே வேண்டாம். ஓடிபி சொன்னால்தான் பட்டுவாடா என்ற வசதியும் இப்போது இருக்கிறது, சின்னக் கட்டணம்தான். "பார்சல் வரவில்லை" என்ற புகாரே பாதி குறையும்.

பணம் வந்ததற்கு ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் போடவே தேவையில்லை, போடச் சொன்னால் அது திருட்டு. பழைய ஐந்து ரூபாய்க்கு லட்சம் தருகிறேன், முதலில் கமிஷன் கட்டு என்று ரிசர்வ் வங்கி பெயரில் வருபவர்களும் உண்டு. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டது, அப்படி யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று. அத்தையிடமும் சொல்லி வையுங்கள், இந்த மாதிரி அழைப்புகள் பெரியவர்களுக்குத்தான் அதிகம் வருகின்றன.

சேலத்துக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அட்மினையும் சேர்த்து "காசைத் திருப்பி அனுப்புங்கள், முழுப் பணம்" என்று போட்டேன். உடனே குரல் மாறிவிட்டது, "யோசித்துச் சொல்கிறேன்" என்கிறார். ஒருவேளை அது திரும்பி வந்தால் வாங்கிக்கொள்ளச் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் காத்திருக்கிறார், நல்ல விலை. பார்சலில் "பரிசுப் பொருள்" என்று எழுதி அனுப்பச் சொல்கிறார். செய்யலாமா?

பழங்காசு:

வேண்டவே வேண்டாம் தம்பி. நூறு வருடம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. பிடிபட்டால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை, அபராதம் வேறு. பரிசு என்று எழுதினால் பொய்க் கணக்கும் சேரும். மாட்டினால் அனுப்பியவர் என்று உங்கள் பெயர்தான் பார்சலில் இருக்கும், அவருக்கு ஒன்றும் ஆகாது. உள்ளூரில் அவருக்கு யாராவது உறவினர் இருந்து இங்கேயே வாங்கி வைத்துக்கொள்வதாக இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் குழுவில் மறுபடி ஏலம் விடுங்கள், இந்த முறை எடையையும் விளிம்புப் படத்தையும் சேர்த்துப் போடுங்கள்.