புதுப்பிப்பு: மாத்திரை ஆப் ஒருவழியாகக் கத்தியது

அம்மாவுக்காக எழுதிய மாத்திரை நினைவூட்டல் ஆப், என் போனில் ஒழுங்காக அடித்து அவர் போனில் மட்டும் ஊமையாகக் கிடக்கிறதென்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா? காரணம் சிக்கிவிட்டது.

அவருடையது ஆண்ட்ராய்டு 13. அந்தப் பதிப்புக்கென்று கட்டிய ஆப், நோட்டிஃபிகேஷன் காட்டுவதற்குப் பயனரிடம் கேட்டு அனுமதி வாங்கியாக வேண்டும். நான் கேட்கவே இல்லை. என்னுடையது பழைய 11, அங்கே அந்தத் தொல்லை கிடையாது. மூன்று நாள் அலாரத்துக்கான நிரலைக் (code) குடைந்ததெல்லாம் வீண்!

போனை அணைத்துப் போட்டால் பதிந்த அலாரங்கள் அழிந்துவிடும் என்பதும் இப்போதுதான் உறைத்தது. போன் மீண்டும் ஆன் ஆனதும் ஆப்பே அவற்றை மறுபடி பதியும்படி செய்துவிட்டேன். ஐகான் இன்னும் அசிங்கம்தான், அது கிடக்கட்டும்.

நேற்று இரவு 8 மணிக்கு உள்ளிருந்து குரல்: "டேய், உன் ஆப் கத்துதுடா, எப்படி நிறுத்துறது?"

நிறுத்தும் பட்டனைப் பெரிதாக்க வேண்டும்.