500 கிராம் சேகோ பாக்கெட்: சராசரி குறைகிறதா, தற்செயலா?

சேகோ_பேக்கிங் (ஆத்தூர்):
500 கிராம் ஜவ்வரிசி பாக்கெட் 16 எடுத்து எடை போட்டோம். கவர் எடை கழித்துச் சராசரி 497.5 கிராம். ‘ரெண்டரை கிராம்தானே, மெஷின்னா முன்னபின்ன இருக்கும்’ என்கிறார் ஆபரேட்டர். டி-சோதனை (குறைவு தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் கணக்கு) போட்டதில் எனக்கு -2.58 வருகிறது, கணக்கு பார்க்கும் அண்ணனுக்கு -2.50. எது சரி? செட்டிங்கை ஏற்றலாமா?

கணக்குப்புள்ளி:
அண்ணன் கணக்குதான் சரி. நீங்கள் எக்செல்லில் எஸ்டிடெவ்.பி (STDEV.P) போட்டிருப்பீர்கள், அது 16-ஆல் வகுத்துத் திட்ட விலக்கத்தை, அதாவது எடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதை, 3.87 என்று தரும். கையில் இருப்பது சாம்பிள்தானே, எஸ்டிடெவ்.எஸ் போடுங்கள். அது 15-ஆல் வகுக்கும், திட்ட விலக்கம் 4.0 வரும். அதை 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் வகுத்தால் 1. (497.5 - 500) / 1 = -2.50.

இன்மைக் கருதுகோள் (முதலில் உண்மை என்று வைத்துக்கொள்வது): சராசரி 500. மாற்றுக் கருதுகோள்: 500-க்குக் குறைவு. குறைவை மட்டும் பார்ப்பதால் ஒருமுனைச் சோதனை, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 15. 5 சதவீத மட்டத்தில் (சராசரி 500-ஆகவே இருந்தும் குறைவு என்று தவறாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதம்) எல்லை -1.753, அதைத் தாண்டிவிட்டது. தற்செயல் என்று ஒதுக்க முடியாது. 1 சதவீதத்தில் எல்லை -2.602, அங்கே தாண்டவில்லை. அதனால்தான் எந்த மட்டம் என்பதை எடை போடும் முன்பே எழுதி வைக்க வேண்டும். விடையைப் பார்த்துவிட்டு மட்டத்தைத் தேர்ந்தெடுப்பது பரீட்சை முடிந்தபின் கேள்வியை மாற்றுவது போல.

தராசுமுள்:
கணக்கு இருக்கட்டும், 16 பாக்கெட்டும் எங்கே எடுத்தது? ஹாப்பரில் (மெஷினுக்கு மேலே சரக்கு கொட்டும் தொட்டி) சரக்கு இறங்க இறங்க எடை நகரும். அடுத்தடுத்து வரும் பாக்கெட்டுகள் ஒன்றைப் போலவே இருக்கும், திட்ட விலக்கம் சின்னதாகத் தெரியும், டி பொய்யாக வீங்கும். முத்திரை போட்ட 500 கிராம் படிக்கல்லைத் தராசில் வைத்தும் பாருங்கள். தராசே 2 கிராம் குறைத்துக் காட்டினால் சோதனை மெஷின்மேல் பழி போடும். கவர் எடைக்கு ஒரே கவரை நம்பாமல் பத்துக் காலிக் கவரைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுங்கள்.

சேகோ_பேக்கிங்:
படிக்கல் சரியாகக் காட்டுகிறது. ஆனால் 16 பாக்கெட்டும் ஒரே பெட்டியில் எடுத்தவை.

கணக்குப்புள்ளி:
அப்படியானால் -2.50-ஐ மறந்துவிடுங்கள். ஷிஃப்ட் முழுக்கச் சீரான இடைவெளியில் 27 பாக்கெட் எடுங்கள். திட்ட விலக்கம் 4 என்றால், 2 கிராம் குறைவை 5 சதவீத மட்டத்தில் 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க அவ்வளவு வேண்டும். இப்போது எல்லை -1.706. தாண்டாவிட்டால் ‘500 நிரூபணமாயிற்று’ என்று ஆபரேட்டர் சொல்லக் கூடாது; குறைவுக்குப் போதிய ஆதாரம் இல்லை, அவ்வளவே.

தராசுமுள்:
இன்னொன்று. பொட்டலப் பொருள் விதிகளில் 500 கிராமுக்கு 15 கிராம் வரை பிழை அனுமதி இருப்பது தனிப் பாக்கெட்டுக்கு. சராசரிக்கு அந்தச் சலுகை கிடையாது.