அம்மாவின் முகூர்த்தப் பட்டு: சட்டம் போடுவது எப்படி?

கேள்வி: அம்மா தவறி ஆறு மாதம் ஆகிறது. அவருடைய காஞ்சிபுரம் பட்டு மடிப்பு வாக்கில் கிழிகிறது. முந்தானையை நடுவில் வைத்து, சுற்றிலும் அவர் உடுத்திய சுங்குடித் துண்டுகளை ஒட்டுப்போட்டுச் சுவரில் மாட்ட நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் கத்தரியைத் தொடாதீர்கள். பட்டை மல்மல் என்னும் மெல்லிய பருத்தித் துணிமேல் விரித்து, இழையை நேராக்கி, பெரிய ஓட்டுத்தையலால் அசையாமல் நிறுத்துங்கள். பிறகு கிழிசலைச் சுற்றி, மெல்லிய ஊசி, ஒற்றைப் பட்டு இழை, கால் அங்குலத்துக்கு ஒரு தையல். இழுத்துத் தைத்தால் பக்கத்து இழையும் அறும். மல்மலோடு சேர்த்தே, வேண்டிய அளவுக்குக் குறித்த கோட்டுக்கு வெளியே ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்கள். இல்லாவிட்டால் ஜரிகை ஓரம் சட்டென்று பிரிந்துவிடும்.

பதில் 2: பட்டைத் துவைக்க வேண்டாம், சாயம் இறங்கும். முந்தானையில் மஞ்சள் கறை இருந்தால் விட்டுவிடுங்கள், அதற்காகத்தானே இதெல்லாம். சுங்குடியைத் தனியாக, சாயம் நிற்கும்வரை அலசுங்கள். இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்தால் முடிச்சுச் சுருக்கம் போய் வெறும் புள்ளிதான் மிஞ்சும்.

கேட்டவர்: பசை போதாதா?

பதில்: கூடவே கூடாது. பசை இறுகினால் அந்த விளிம்பிலேயே பட்டு வெடிக்கும். சட்டம் போடுபவரிடம், கண்ணாடி துணியில் படாமல் கால் அங்குலம் இடைவெளி விடச் சொல்லுங்கள். வெயில் படாத சுவராகப் பாருங்கள்.