கவர் போட்ட வருடம்தான் வண்டி துருப்பிடித்தது

மடிப்பாக்கத்திலிருந்து:

எங்கள் பிளாட்டில் கூரை கார்களுக்கு மட்டும்தான். பைக்கெல்லாம் மதில் ஓரம் வேப்ப மரத்தடியில் நிற்கும். என்னுடையது 2013 மாடல், 150 சிசி, கார்புரேட்டர் காலத்து வண்டி. ஐந்து மழைக்காலம் அங்கேயே நின்று நனைந்தது, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆறாவது வருடம் பாவம் பார்த்து ஒரு கவர் வாங்கிப் போட்டேன். அந்த வருடம்தான் எல்லாம் ஆரம்பித்தது.

ஐப்பசி மாதம் ஒரு ராத்திரி, தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தேன். ஈரம் சொட்டச் சொட்ட, எஞ்சின் சூடு கூட ஆறாத வண்டியின் மேல் கவரை இழுத்துப் போர்த்தி, அடியில் நாடாவையும் இறுக்கிக் கட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் தொடர்ந்து மழை, ஆபீஸும் வீட்டிலிருந்தே என்று ஆகிவிட்டதால் பத்துப் பன்னிரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஒருநாள் வெயில் எட்டிப் பார்த்ததும் கவரைத் தூக்கினால், இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி உள்பக்கமெல்லாம் நீர்த்துளி. சீட்டில் வெள்ளைப் பூஞ்சை. செயின் வளைந்த இடத்தில் வளைந்தபடியே நின்றது, கையால் நீட்டினாலும் நீளவில்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பைப்பில் மிளகு தூவியது போலத் துருப்புள்ளி. இது என்ன செய்துவிடும் என்று விட்டுவிட்டேன். அந்தச் சொரசொரப்பு மேலும் கீழும் போய்ப் போய் உள்ளே ஆயிலை அடைத்து வைக்கும் சீல் வளையத்தை அறுத்து, ஜனவரியில் ஃபோர்க் ஆயில் கசிய ஆரம்பித்த பிறகுதான் அது என்ன செய்யும் என்று புரிந்தது.

மழை நனைத்துவிட்டுப் போய்விடும், காற்று அடித்தால் காய்ந்துவிடும். நான் போட்ட கவர் காயவே விடவில்லை. மலிவு விலை கவர் பெரும்பாலும் வெறும் பிளாஸ்டிக் பூச்சுத் துணி. மேலே இருந்து தண்ணீரை விடாது, சரி, தரையிலிருந்து எழும் ஈரத்தை வெளியேயும் விடாது.

இன்னொரு கூத்தும் நடந்தது. பெட்ரோல் திருகு மெயினில் இருக்கும்வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது, அடியில் மிச்சமிருக்கும் பெட்ரோலுக்காக ரிசர்வில் போட்ட இரண்டாவது நிமிடம் மேடவாக்கம் மெயின் ரோட்டில் விக்கி விக்கி நின்றுவிட்டது. மெக்கானிக் பார்த்தவுடனே சொல்லிவிட்டார், டேங்கில் தண்ணீர். டேங்க் மூடியைச் சுற்றி விழும் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை உண்டு, அதில் வேப்பம்பூவும் தூசியும் அடைத்திருந்தது. தேங்கிய தண்ணீர் மூடி வழியாக உள்ளே இறங்கிவிட்டது. பெட்ரோலை விடத் தண்ணீர் கனம், அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், ரிசர்வ் குழாய் எடுப்பது அந்த அடிமட்டத்திலிருந்துதான். டேங்கைக் கழற்றிக் கவிழ்த்து, கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கியதையும் வடித்த பிறகு சரியானது. இப்போது பங்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீர் கரைந்துவிடும், அளவு மீறினால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் பிரிந்துவிடும். அதனால் மழைக்காலத்தில் டேங்கைக் காலியாக வைக்காதீர்கள். காலியாக இருக்கும் இடத்தில்தான் ஈரக்காற்று குளிர்ந்து உள்சுவரில் வியர்க்கும்.

இப்போது தார்ப்பாய்த் துண்டு ஒன்றை மீட்டரிலிருந்து சீட் வரை மட்டும் போட்டுக் கட்டுகிறேன். கீழே திறந்தே இருக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அசோசியேஷனில் ஒருவருக்கு வருத்தம்.

வேளச்சேரியிலிருந்து:

உங்களுடையது கவர் கதை, எங்கள் தெருவில் வண்டியே தெரியாத கதை. 2015 டிசம்பரில் சீட் வரைக்கும் தண்ணீர். ஒரே நல்ல காரியம், மிதந்து போகாமல் இருக்க ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டு வைத்திருந்தேன். தண்ணீர் வடிந்ததும் எல்லாருக்கும் ஒரே அவசரம். பக்கத்து வீட்டு அண்ணன் நேராகப் போய் செல்ஃப் பட்டனை அமுக்கினார். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டன் போய் மோதும், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அவருக்கு வளைந்தது. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் போட்டிருந்தார், அது எதிராளிக்குத்தான், நம் வண்டிக்கு ஒரு பைசா வராது.

நான் சாவியே போடவில்லை. பேட்டரி வயரைக் கழற்றினேன், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன், கிக்கரை மெதுவாக மிதித்தேன், பிளக் ஓட்டை வழியாகப் பிச்சுக்கொண்டு அடித்தது தண்ணீர். எஞ்சின் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தது. புது ஆயில் ஊற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு அதையும் வடித்து, மறுபடி ஊற்றி, இப்படி இரண்டு தடவை. ஏர் ஃபில்டர் புதுசு. இரண்டு சக்கர டிரம்மையும் திறந்து சேற்றைக் கழுவினேன். அதே வண்டிதான் இன்றைக்கும் ஓடுகிறது.

திருவான்மியூரிலிருந்து:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். கடற்கரையிலிருந்து இரண்டாவது தெருவில் இருக்கிறோம், எனக்கு மழைதான் நண்பன். எங்களைக் கொல்வது உப்புக்காற்று. சித்திரை வெயிலில், சொட்டு மழை இல்லாமலேயே நட்டு போல்ட்டெல்லாம் பொரிந்துபோகும். நல்ல மழை பெய்தால் உப்பைக் கழுவிவிட்டுப் போகிறது. தூறல்தான் ஆபத்து, உப்பை நனைத்து ஒட்டவைத்துவிட்டு நின்றுவிடும். அதனால் தூறினால் நானே வாளியில் நல்ல தண்ணீர் எடுத்துப்போய் ஊற்றுவேன், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். பேட்டரி முனைகளில் வாசலின், சாவித் துவாரத்தில் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய். அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை டிஸ்க் பிரேக் தட்டின் மேல் அடித்துவிடாதீர்கள். தட்டு துருவாக இருக்கிறதே என்று நான் அடித்துவிட்டு சிக்னலில் பிரேக் பிடித்தேன், வண்டி நிற்காமல் முன்னால் நின்ற ஆட்டோவில் போய்த்தான் நின்றது. டிஸ்க்கில் ராத்திரி படிகிற துரு காலையில் நாலு தடவை பிரேக் பிடித்தால் தானே போய்விடும், அதைத் தொடவே வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து:

உங்களுக்கு ஒரு மழைக்காலம், எங்களுக்கு ஆனியிலும் உண்டு ஐப்பசியிலும் உண்டு. முற்றத்தில் மண்தரை. மழை ஊறினால் சைடு ஸ்டாண்ட் மெல்ல மெல்லப் புதைந்து, நடு ராத்திரியில் தொம்மென்று விழும். ஒருமுறை கிளட்ச் லீவர் போனது. அப்புறம் ஒரு கடப்பாக்கல் துண்டைப் போட்டு சென்டர் ஸ்டாண்டில்தான் நிறுத்துகிறேன்.

கவர் போட்டால் எலிக்குக் குடியிருப்பு இலவசம். சீட்டுக்கு அடியில் துணியும் சருகும் சேர்த்துக் கூடு கட்டி, ஹெட்லைட் வயரைக் கடித்துவைத்திருந்தது. பாச்சை உருண்டை வைத்துப் பார்த்தேன், எலி அதைத் தள்ளிவைத்துவிட்டுக் கூடு கட்டியது.

சைலன்சருக்குள் மழை போகாமல் இருக்க வாயில் ஒரு சிரட்டையை வைத்துக் கட்டினேன், என் சொந்தக் கண்டுபிடிப்பு. காலையில் மறந்துபோய் ஸ்டார்ட் செய்தால் இருமிவிட்டு அணைந்தது, மறுபடி அடித்தேன், சிரட்டை பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு அம்மாவின் அண்டாவில் விழுந்தது. பிறகுதான் மெக்கானிக் சொன்னார், பெட்ரோல் எரிந்தாலே தண்ணீர் வரும், கிட்டத்தில் கடைக்குப் போய் வந்தால் சைலன்சர் முழுச் சூடாகாமல் அந்த ஈரம் உள்ளேயே தங்கும், நீ வாயையும் அடைத்தால் உள்ளிருந்து அரித்துவிடும் என்று. வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்டு, அது போதும் என்றார்.

மறுபடி மடிப்பாக்கத்திலிருந்து:

அந்த அம்மா என்ன சொன்னார் என்று நீங்கள் சொல்லவே இல்லை.

செயினுக்கு என்ன போடுகிறேன் என்று ஒருவர் தனியாகக் கேட்டார். மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு 90 நம்பர் கியர் ஆயில். ஓட்டிவிட்டு வந்து சூடாக இருக்கும்போதே, செயினின் உள்பக்கம் போட்டால் நன்றாக இறங்கும். மழையில் ஓட்டினால் அன்றைக்கே போடுங்கள். ரப்பர் வளையம் வைத்த செயினாக இருந்தால் பெட்ரோலில் மட்டும் கழுவாதீர்கள், வளையம் கெட்டுவிடும். வடித்த பழைய எஞ்சின் ஆயிலை வண்டி முழுக்கப் பூசச் சொல்லும் ஆட்கள் உண்டு. நான் செய்ததில்லை, செய்யப்போவதும் இல்லை, தூசியெல்லாம் அப்பிக்கொண்டு கரைத்த சாணி மாதிரி ஆகும்.

அந்தப் பழைய கவர் இப்போது எங்கள் வாட்ச்மேன் அண்ணனின் சைக்கிள் மேல் இருக்கிறது. வேண்டாம் அண்ணே, துருப்பிடிச்சிடும் என்று சொல்லிப் பார்த்தேன். "இதுல துருப்பிடிக்க இன்னும் என்ன தம்பி பாக்கி இருக்கு" என்றார்.