லேசர் டயோடு பாரில் பாதி ஒளியை மறைத்தால் இரைச்சல் ஏறுவது ஏன்?

கேள்வி:
வணக்கம். சேலத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். புராஜெக்ட்டுக்கு 808 நானோமீட்டர் டயோடு பார், ஒரே சில்லில் வரிசையாக 19 எமிட்டர் (ஒளி உமிழும் இடங்கள்). எல்லா எமிட்டர் ஒளியையும் குவித்து, ஃபில்டரால் குறைத்து போட்டோடயோடில் விட்டால் ஸ்கோப்பில் கோடு ஓரளவு சுத்தமாக நிற்கிறது. குறுக்கே ஒரு பிளவு வைத்து ஓரிரு எமிட்டரை மட்டும் விட்டால், சராசரியோடு ஒப்பிடும்போது ஒளியின் ஆட்டம், அதாவது இரைச்சல், பல மடங்கு ஏறுகிறது. லேசருக்கு மின்னோட்டம் தரும் டிரைவர் மோசம், மாற்று என்கிறார்கள் லேபில். அதற்குக் காசில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்கு லேசர் மெஷின் சர்வீஸ் பார்க்கிறேன் தம்பி. முதலில் 100 ஹெர்ட்ஸில் மேடு தெரிகிறதா பாருங்க. தெரிந்தால் சப்ளை ரிப்பிள் (மின்சப்ளையில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம்), எர்த்தையும் ஒருமுறை பார்த்துடுங்க. அப்புறம், 808 கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அதனால் ஆபத்தில்லை என்று நினைச்சுடாதீங்க. லேசர் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகவே கூடாது.

பதில் 2:
டிரைவர் மேல் பழி போடுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். பாரில் எல்லா எமிட்டரும் இணையாக, ஒரே டிரைவர் தரும் மின்னோட்டத்தைப் பகிர்ந்துதான் ஓடுகின்றன, டிரைவர் ஆடினால் எல்லாம் சேர்ந்தே ஆடும், அப்போது பிளவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சதவீத ஆட்டம் ஏறக்குறைய அதேதான் வர வேண்டும். உங்களுக்கு மாறுகிறது. ஆக, எமிட்டர்கள் தனித்தனியாக ஆடுகின்றன. ஒரு எமிட்டருக்குள்ளும் பல மோடுகள் (ஒளி அலை அதிரும் வெவ்வேறு வடிவங்கள்) ஒரே ஆதாயத்துக்கு, அதாவது ஒளியைப் பெருக்கும் திறனுக்கு, போட்டி போடுகின்றன, பந்தியில் ஒருத்தர் இலையில் கூடுதலாக விழுந்தால் பக்கத்து இலையில் குறையுமே, அந்த மாதிரி. மொத்தமாகச் சேர்த்தால் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், துண்டாக எடுத்தால் வெளியே வரும். மோடு பகிர்வு இரைச்சல் என்பது இதுதான்.

ஆனால் வெளிச்சம் குறைந்தாலே ஷாட் இரைச்சலும் (ஒளி துகள் துகளாக வருவதால் உண்டாகும் ஆட்டம்) ஆம்ப்ளிஃபயர் இரைச்சலும் விகிதத்தில் ஏறும். அதனால் பிளவை எடுத்துவிட்டு, போட்டோடயோடில் அதே அளவு வெளிச்சம் விழும்படி இன்னும் அடர்த்தியான ஃபில்டர் வையுங்கள். அப்போதும் ஆட்டம் ஏறினால் டிடெக்டர் பக்கம் தேடுங்கள், ஏறாவிட்டால் லேசர்தான். த்ரெஷோல்டுக்கு (லேசர் ஒளி தொடங்கும் மின்னோட்ட அளவுக்கு) ஒட்டி ஓட்டாதீர்கள், அங்கே இரைச்சல் எப்போதும் அதிகம். ஏற்காட்டில் மழை, கரண்ட் எப்போது போகுமோ, இத்தோடு அனுப்பிவிடுகிறேன்.

கேட்டவர்:
நன்றி சார். ஃபில்டர் வைத்துப் பார்த்தேன், ஆட்டம் ஏறவில்லை. 100 ஹெர்ட்ஸில் சின்ன மேடுதான், பிளவு வைத்தாலும் அதன் சதவீதம் மாறவில்லை. ஆனால் போட்டோடயோடைக் கொஞ்சம் சாய்த்ததும் ஆட்டம் ஓரளவு குறைந்தது, அது ஏன்?

பதில் 2:
போட்டோடயோடின் கண்ணாடி மூடியில் பட்ட ஒளி திரும்பிப் போய் லேசருக்குள் நுழைந்திருக்கும். துளி திரும்பினாலே குறைக்கடத்தி லேசர் தடுமாறும். ஃபில்டர், லென்ஸ் எல்லாவற்றையும் சில டிகிரி சாய்த்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.