48 வோல்ட் கோல்ஃப் கார்ட் சார்ஜர்: முதலில் ஆம்பியர் குறைந்தது, இப்போது ரிலே கூட அடிக்கவில்லை

புல்வெளி48:

வணக்கம். நான்கு பேர் உட்காரும் கோல்ஃப் கார்ட், 8 வோல்ட் பேட்டரி ஆறு, 170 ஆம்பியர்-ஹவர், தண்ணீர் ஊற்றும் வகை. சார்ஜர் அமெரிக்காவிலிருந்து வண்டியோடு வந்தது. உள்ளே பெரிய டிரான்ஸ்ஃபார்மர், ஓவல் வடிவ கெப்பாசிட்டர் ஒன்று, ஹீட் சிங்க்கில் இரண்டு டயோடு, ஒரு ரிலே (கரண்ட் கொடுத்தால் தானாக மூடும் சுவிட்ச்), டைமர் போர்டு. பிளேட்டில் இன்புட் 120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், அவுட்புட் 48 வோல்ட் 17 ஆம்பியர் என்று இருக்கிறது. இங்கே 230-ல் இருந்து 110-க்கு இறக்கும் 2 கேவிஏ ஸ்டெப்டவுன் வைத்து ஓடுகிறது.

ஆரம்பத்தில் மீட்டர் 12 ஆம்பியர் காட்டும். இரவு முழுக்க ஓடும், தானாக நின்றதே இல்லை. போன மாதம் திடீரென 6 ஆம்பியருக்கு இறங்கி, உறுமல் சத்தம் அதிகமானது. இப்போது பிளக் சொருகினால் சத்தமே இல்லை, ரிலேயின் "டக்" கூட வரவில்லை. பேட்டரி பேக்கின் இரண்டு முனையில் 33.5 வோல்ட்.

ரிலே போய்விட்டதா? டைமர் போர்டு மாற்ற வேண்டுமா? ரிலேயை நேராக ஷார்ட் செய்து ஓட்டலாமா?

கம்பிவேலை:

போர்டு எதுவும் வாங்க வேண்டாம். 33.5 வோல்ட்டில் அந்த ரிலே அடிக்காதது இயல்பு. இந்த வகை சார்ஜரில் ரிலே காயிலுக்கு (சுவிட்சை இழுக்கும் காந்தச் சுருள்) சப்ளை சுவரிலிருந்து வருவதில்லை, பேட்டரியிலிருந்து டிசி பிளக் வழியாக வருகிறது. 48 வோல்ட் காயில் ரிலே உறுதியாகப் பிடிக்கக் குறைந்தது 75 சதவீதம், அதாவது 36 வோல்ட் வேண்டும். காயில் பிடித்தால்தான் ஏசி டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். பேட்டரி செத்துக் கிடந்தால் சார்ஜரும் செத்தது போலவே கிடக்கும்.

ரிலேயை ஷார்ட் செய்யாதீர்கள். பிளஸ் மைனஸ் மாறினால் காப்பதும், சார்ஜ் முடிந்ததும் நிறுத்துவதும் அதே ரிலேதான். அதைத் தாண்டி ஓட்டினால் விடிய விடிய கொதிக்கும்.

முதல் வேலை, ஆறு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். மொத்த வோல்ட் மட்டும் பார்த்தால் எது கெட்டது என்று தெரியாது. பிறகு பேக்கை மேலே கொண்டுவர வேண்டும். மூன்று 8 வோல்ட் சேர்ந்தால் 24 வோல்ட், லாரி பேட்டரிக் கடையில் இருக்கும் 24 வோல்ட் சார்ஜரே போதும். மெயின் லக்குகளையும் (கேபிள் முனைகள்) நடுவில் இருக்கும் இணைப்புக் கேபிளையும் கழற்றி, மூன்று மூன்றாகப் பிரித்து, 10 ஆம்பியரில் 4 மணி நேரம் ஏற்றுங்கள். 8 வோல்ட் ஒன்றை மட்டும் 12 வோல்ட் கார் சார்ஜரில் போடக் கூடாது. அதற்கு முன் பேட்டரிக்குள் இருக்கும் பிளேட் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர். முழுதாக இப்போதே ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும். பக்கத்தில் நின்று கையால் தொட்டுப் பாருங்கள், ஒரு பேட்டரி மட்டும் மற்றதைவிடச் சூடானால் நிறுத்திவிடுங்கள். மூடிய அறையில் செய்யாதீர்கள், ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும்.

பேக் 45 வோல்ட்டைத் தாண்டிய பிறகும் ரிலே அடிக்கவில்லை என்றால், ஏசியை எடுத்துவிட்டு டிசி பிளக்கை மட்டும் வண்டியில் சொருகி, சார்ஜருக்குள் டிசி வயர் முடியும் இடத்தில் அளந்து பாருங்கள். பேக் வோல்ட் அங்கே வராவிட்டால் குறை வண்டியில் பிளக் சொருகும் ரிசெப்டக்கிளிலோ வண்டி பக்க ஃபியூஸிலோ இருக்கிறது. பழைய கிளப் கார் 48 வோல்ட் வண்டி என்றால் மட்டும் கதை வேறு. பிளக்கில் மூன்றாவதாக ஒரு மெல்லிய கம்பி இருக்கும், ரிலேயை அடிக்க விடுவது வண்டியில் உள்ள கம்ப்யூட்டர்.

புல்வெளி48:

நன்றி சார். ஏற்றும் முன் வரிசையாக 6.1, 5.9, 6.0, 6.2, 3.2, 6.1. ஏற்றிய பின் 8.0, 8.0, 8.1, 8.1, 6.0, 8.0. மொத்தம் 46.2.

இப்போது ரிலே அடிக்கிறது. ஆனால் 6 ஆம்பியர்தான், அதே உறுமல்.

கம்பிவேலை:

8 வோல்ட் பேட்டரிக்குள் 2 வோல்ட் செல் நான்கு. ஐந்தாவதில் ஒரு செல் போய்விட்டது. மற்றதைவிடச் சரியாக 2 வோல்ட் குறைவு, அது ஒரு செல்லின் கணக்கு. அதே வயதுள்ள நல்ல பேட்டரி இருந்தால் மாற்றுங்கள். ஐந்து பழசுக்கு நடுவில் புத்தம் புதியது ஒன்றை வைத்தால் பழசின் நிலைக்கே அதுவும் சீக்கிரம் வந்துவிடும்.

டயோடுகாரன்:

ஆம்பியர் பாதியாகி உறுமல் ஏறியது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டயோடு, கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுவது அதுதான். டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி (அவுட்புட்) வைண்டிங் நடுவில் டேப் (இணைப்பு வயர்) எடுத்தது, இரண்டு பாதிக்கும் ஒவ்வொரு டயோடு. ஒன்று ஓப்பன் ஆனால் (உள்ளே அறுந்தால்) அரை அலைதான் போகும். அந்த ஒருபக்கக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கோரை ஒரே திசையில் காந்தமாக்கும், உறுமல் அதனால்தான்.

திறக்கும் முன் ஏசி, டிசி இரண்டையும் பிடுங்குங்கள். அந்த ஓவல் கெப்பாசிட்டர் 660 வோல்ட் ஏசி ரகம், தொட்டால் சும்மா விடாது. 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் இன்சுலேட் செய்த வயர் சேர்த்து, டெர்மினல்களுக்குக் குறுக்கே சில நொடி பிடித்து, மீட்டரில் பூஜ்யம் என்று பார்த்த பிறகு கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம், கெப்பாசிட்டரின் உள் இணைப்பையே அது கெடுக்கும்.

ஃபியூஸ் லிங்க் இரண்டு உள்ள மாடல் என்றால் அதை முதலில் பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஒன்று மட்டும் எரிந்திருந்தால் பெரும்பாலும் ஒரு டயோடு ஷார்ட். இரண்டும் எரிந்திருந்தால் யாரோ பேட்டரியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். ஒரே ஃபியூஸ் உள்ள மாடலில் ஃபியூஸ் போனால் ஆம்பியர் பூஜ்யம்தான், உங்களுக்கு 6 வருகிறது, எனவே நேராக டயோடுக்குப் போகலாம்.

டயோடைச் சர்க்யூட்டில் வைத்தே அளந்தால் வைண்டிங் வழியாக அடுத்த டயோடும் சேர்ந்து காட்டி ஏமாற்றும். ஒவ்வொன்றுக்கும் மேல் வயரைக் கழற்றுங்கள். மீட்டர் டயோடு மோடில் ஒரு திசையில் 0.4 முதல் 0.6, எதிர்த் திசையில் ஓஎல் (கரண்ட் போகவில்லை என்று மீட்டர் காட்டுவது). இரு திசையிலும் ஓஎல் என்றால் ஓப்பன், இரு திசையிலும் பூஜ்யம் என்றால் ஷார்ட். ஒன்றுதான் போயிருந்தாலும் இரண்டையும் மாற்றுவேன், அதே சூட்டைத் தின்றதுதான் மற்றதும்.

கடையில் கிடைப்பது 70 ஆம்பியர் 400 வோல்ட் ஸ்டட் டயோடு. இதில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள்: 70எச்எஃப்40 என்றால் போல்ட் பக்கம் கேத்தோடு (கரண்ட் வெளியேறும் முனை), 70எச்எஃப்ஆர்40 என்றால் போல்ட் பக்கம் ஆனோடு (கரண்ட் நுழையும் முனை). பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உடம்பில் போட்டிருக்கும் அம்புக் குறியைப் பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். மாற்றிப் போட்டால் பேட்டரி கரண்ட் டயோடு வழியாகவே ஓடி ஃபியூஸ் போகும். ஹீட் சிங்க்கை உப்புத்தாளால் தேய்த்து, ஹீட் சிங்க் பேஸ்ட் மெல்லிசாகத் தடவி இறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் போல்ட் இழுபட்டு உள்ளே சிலிக்கான் விரிசல் விடும். கடைசியில், பேட்டரி பிளக் வெளியே இருக்கும்போது, ஹீட் சிங்க்குக்கும் சார்ஜர் உடம்புக்கும் நடுவே ஓம் பாருங்கள். தொடர்பே இருக்கக் கூடாது.

கையோடு கெப்பாசிட்டரையும் வயர் கழற்றி அளந்துவிடுங்கள். உடம்பில் போட்டிருக்கும் மைக்ரோ ஃபாரடைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, மேல் மூடி உப்பியிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். ஃபேன் கெப்பாசிட்டர் 440 வோல்ட் ரகத்தை இங்கே போடாதீர்கள், வெடிக்கும்.

புல்வெளி48:

ஒரு டயோடு ஓப்பன்தான். இரண்டையும் மாற்றினேன். கெப்பாசிட்டர் 6-க்கு 5.9 காட்டுகிறது. ஐந்தாவது பேட்டரிக்குப் பதில் இன்னொரு வண்டியின் அதே வயதுள்ள பேட்டரி. உறுமல் போய்விட்டது, ஆரம்பத்தில் 13 ஆம்பியர்.

ஆனால் 10 மணி நேரம் ஓடிய பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பேக் 51.8 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. கிராவிட்டி (ஆசிட்டின் அடர்த்தி) எல்லா செல்லிலும் 1.190-க்கும் 1.215-க்கும் நடுவில். டைமர் போர்டா?

ஹெர்ட்ஸ்_ஐம்பது:

டைமரைத் திட்டாதீர்கள். ஆரம்பத்திலிருந்தே இருந்த நோய் இதுதான், டயோடு இடையில் வந்தது. உங்கள் முதல் பதிவிலேயே இருக்கிறது: 60 ஹெர்ட்ஸ், ஸ்டெப்டவுன், "தானாக நின்றதே இல்லை".

ஸ்டெப்டவுன் வோல்ட்டைத்தான் இறக்கும். ஹெர்ட்ஸ் 50 அப்படியேதான் வரும். சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் என்றால் கொஞ்சம் சூடேறும், அவ்வளவுதான். இது ஃபெர்ரோரெசொனன்ட் வகை. இதில் அவுட்புட் வோல்ட்டை நிர்ணயிப்பது கோர் சாச்சுரேட் ஆகும் (காந்தம் அதற்கு மேல் ஏறாத) அளவும் ஹெர்ட்ஸும். கோரும் சுற்றுகளும் மாறாதபோது வோல்ட் ஹெர்ட்ஸுக்கு நேர் விகிதம். 60-க்கு 50 கொடுத்தால் ஆறில் ஐந்து பங்குதான் வரும். உங்கள் பேக்கில் 24 செல். கடைசிக் கட்டத்தில் செல்லுக்கு 2.5 முதல் 2.6, அதாவது 60 முதல் 62 வோல்ட் வரை ஏற வேண்டிய சார்ஜர் 50 முதல் 52-ல் நின்றுவிடும். உங்கள் 51.8-ஐ 24-ஆல் வகுத்தால் 2.16. முழு சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும் செல்லே 2.12 காட்டும்! தள்ளுவதற்கு ஒன்றுமே இல்லை. வோல்ட் அந்தக் கடைசிக் கட்டம் வரை ஏறி நிலைத்து நிற்பதைப் பார்த்துத்தான் டைமர் நிறுத்தும், அந்தக் கட்டம் வருவதே இல்லை.

கிராவிட்டியும் அதையே சொல்கிறது. முழு சார்ஜுக்கு 1.277 இருக்க வேண்டும், 27 டிகிரி செல்சியஸில். 1.200 என்றால் 60 சதவீதம் சொச்சம். நாள்தோறும் அங்கேயே நின்றால் பிளேட்டில் சல்ஃபேட் கெட்டியாகும். ஐந்தாவது பேட்டரி போனதற்கும், பேக் 33 வோல்ட்டுக்கு விழுந்ததற்கும் பெரிய காரணம் இதுதான்.

கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் சரியாகுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். 6-ஐ 1.44-ஆல் பெருக்கி 8.6 போட்டால் ரெசொனன்ஸ் 50 ஹெர்ட்ஸுக்குத் திரும்பும், வோல்ட் திரும்பாது, அது கோரின் கையில். 60 ஹெர்ட்ஸ் கொடுக்கும் கன்வெர்ட்டர் வாங்கலாம், ஆனால் இந்த ஒரு சார்ஜருக்காக அது வீண் செலவு. இந்த சார்ஜரை ஓரம் வையுங்கள். நல்ல டயோடும் நல்ல கெப்பாசிட்டரும் இருந்தாலும் நம் கரண்டில் இது முழுதாக ஏற்றாது.

புல்வெளி48:

இப்போது புரிகிறது. அப்படியானால் 230 வோல்ட்டில் நேராக ஓடும் எஸ்எம்பிஎஸ் (பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத எலக்ட்ரானிக் வகை) சார்ஜர் எத்தனை ஆம்பியர் வாங்குவது? இ-ரிக்‌ஷா 48 வோல்ட் சார்ஜர் மலிவாகக் கிடைக்கிறதே, ஆகுமா? எஸ்எம்பிஎஸ் அடிக்கடி போகும் என்றும் சொல்கிறார்கள்.

ஹெர்ட்ஸ்_ஐம்பது:

தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு ஆம்பியர்-ஹவரில் 10 முதல் 13 சதவீதம். 170-க்கு 17 முதல் 22 ஆம்பியர், எனவே 20 ஆம்பியர் ரகம். இ-ரிக்‌ஷாவிலும் 12 வோல்ட் நான்கு, அதே 24 செல், வோல்ட் பொருந்தும். 15 ஆம்பியர் என்றால் நேரம் கூடும், கெடுதல் இல்லை. ஆனால் வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: சார்ஜ் வோல்ட் 58.8 வரை போகிறதா, ஈக்குவலைஸ் (எல்லா செல்லையும் சமமாக்கும் கூடுதல் சார்ஜ்) 62 வரை இருக்கிறதா, கடைசியில் தானாக நிற்கிறதா அல்லது ஃப்ளோட்டுக்கு (சார்ஜைத் தாங்கி நிற்கும் குறைந்த வோல்ட்) இறங்குகிறதா. லித்தியத்துக்கானது வேண்டாம். அதன் 58.4 வோல்ட் கிட்டத்தட்டச் சரிபோலத் தோன்றும், ஈக்குவலைஸ் இருக்காது, உங்கள் பேட்டரிக்கு இப்போது உடனே வேண்டியதே அதுதான்.

புது சார்ஜரில் முழு சார்ஜ் முடிந்ததும் ஈக்குவலைஸ் ஓட்டி, மணிக்கு ஒருமுறை கிராவிட்டி பாருங்கள். ஏறுவது நின்றதும் நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் செல்களுக்கு நடுவே 0.050-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பேட்டரியை நம்பாதீர்கள். தண்ணீரை அதன் பிறகுதான் முழுதாக ஊற்ற வேண்டும், மூடிக்குழாயின் (தண்ணீர் ஊற்றும் துளையிலிருந்து உள்ளே இறங்கும் குழாய்) அடி விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே வரை.

டயோடுகாரன்:

எஸ்எம்பிஎஸ் போவதற்கு முதல் காரணம் ஃபேன். புல் துகளும் தூசியும் அடைத்து ஃபேன் நின்றால் மாஸ்ஃபெட் (கரண்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) வெந்துவிடும். மாதம் ஒருமுறை புளோயர் அடியுங்கள். இன்புட் ஃபியூஸ் கறுத்துப் போனால் புது ஃபியூஸ் போட்டு நேராக ஆன் செய்யாதீர்கள், பிரிட்ஜும் (ஏசியை டிசி ஆக்கும் டயோடு தொகுதி) மாஸ்ஃபெட்டும் ஷார்ட்டா என்று பார்த்து, 100 வாட் குண்டு பல்ப் உள்ள சீரிஸ் போர்டு வழியாகக் கொடுங்கள். பல்ப் ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது, பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது. பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி நிற்கும், அணைத்த பிறகும் அளந்துவிட்டுத்தான் கை.

கம்பிவேலை:

மாட்டும்போது இரண்டு வேலை. பேட்டரி பிளஸ் லக்கிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ். ரிசெப்டக்கிளின் பின் கறுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள், தளர்ந்த பின்னில் 20 ஆம்பியர் ஓடினால் பிளாஸ்டிக் உருகும். பழைய பிளக் சொருகியிருக்கும்போது வண்டி நகராதபடி இன்டர்லாக் சுவிட்ச் இருந்ததா என்று பாருங்கள், இருந்தால் அந்த வயரைப் புது பிளக்கிலும் சேர்த்துவிடுங்கள். சார்ஜர் உடம்புக்கும் சுவர் சாக்கெட்டின் எர்த் பின்னுக்கும் நடுவே 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும்.