விளம்பரக் கணக்கில் 'அட்ரிபியூஷன்': தமிழ்ச் சொல் வேண்டும்

போர்ட் லூயிஸிலிருந்து

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

மொரீஷியஸ் சிறு வணிகர்களுக்கான இணைய விளம்பரக் கையேட்டின் சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒரு சொல் மட்டும் இழுபறியாக நிற்கிறது: அட்ரிபியூஷன்.

பொருள் இதுதான். ஒரு விற்பனை நடந்தபின் பின்னோக்கிப் பார்த்து, வாங்கியவர் அதற்கு முன் கண்ட அல்லது சொடுக்கிய விளம்பரங்களில் எதன் பெயரில் அந்த விற்பனையை எழுதுவது என்று முடிவுசெய்யும் கணக்கு. இப்படிப் பின்னோக்கிப் பார்க்கும் நாள்வரம்பை விண்டோ, அதாவது சாளரம் என்கிறார்கள். மெட்டாவில் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நிறுவனம்) இயல்பாக இருப்பது சொடுக்கியபின் 7 நாள், பார்த்தபின் 1 நாள். டிக்டாக்கிலும் அதே. கூகுள் ஆட்ஸில் சொடுக்கியபின் 30 நாள். 90 வரை நீட்டிக்கொள்ளலாம்.

இயந்திர மொழிபெயர்ப்பைக் கேட்டால் 'பண்புக்கூறு' என்று தருகிறது. அது அட்ரிபியூட்டுக்கு உரியது. 'பண்புக்கூறு சாளரம்' என்று அச்சிட்டால் யாருக்கு என்ன விளங்கும்? என் கையில் இருப்பவை இரண்டு: காரணங்காட்டல், உரித்தாக்கம். வாசகர்கள் வீட்டில் கிரியோல் பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர்கள். ஆகவே சொல் குட்டையாகவும் எழுத்துக்கூட்டிப் படிக்க எளிதாகவும் இருந்தால் நல்லது.

(விளம்பரம் கண்டவர் வாங்குவது, விசாரிப்பது போன்ற செயலான கன்வெர்ஷனுக்கு இப்போதைக்கு 'பலன்' என்று வைத்திருக்கிறேன். அதற்குத் தனி இழை திறக்கலாம், இங்கே வேண்டாம்.)

டர்பனிலிருந்து

> காரணங்காட்டல், உரித்தாக்கம்

வணக்கம் ஐயா. முதலாவதை இப்போதே அடித்துவிடுங்கள். விளம்பரத் தளம் காரணம் எதையும் காட்டுவதில்லை. கெடுவுக்குள் சொடுக்கு இருந்ததா, இருந்தது. தன் பெயரில் எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

காவடிக்கு வேட்டி சேலை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் திங்களன்று இன்ஸ்டாகிராமில் கடை விளம்பரத்தைச் சொடுக்குகிறார், வாங்கவில்லை. புதனன்று கூகுளில் கடைப்பெயரையே தட்டித் தேடி, மேலே வந்த விளம்பரத்தைச் சொடுக்கி வாங்குகிறார். மெட்டா தன் 7 நாளுக்குள் என்று 1 எழுதும். கூகுளும் தன் 30 நாளுக்குள் என்று 1 எழுதும். கடையில் விற்றது ஒன்று, அறிக்கையில் இரண்டு. மாதம் 40 ஆர்டர் போன கடையில் இரண்டு தளங்களின் எண்ணையும் கூட்டினால் 53 வரலாம். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் புத்தகம் மற்றவருக்குத் தெரியாது.

ஆகவே என் முன்மொழிவு: வரவுவைப்பு. கணக்குப்பிள்ளை ஒரு தொகையை யார் பேரில் வரவு வைப்பது என்று யோசிப்பாரே, அதே வேலை. வரவுவைப்புக் காலம், வரவுவைப்பு முறை என்று கிளைச்சொற்களும் சுளுவாக வரும்.

சென் தெனியிலிருந்து (ரெயூனியன்)

வரவுவைப்பு விளங்குகிற சொல்தான். ஆனால் இதே அறிக்கையில் பக்கத்துப் பத்தியில் வருவாய் இருக்கும், விளம்பரச் செலவுக்கு ஈடான வருவாய் விகிதமும் இருக்கும். 'வரவு' என்று பார்த்ததும் கடைக்காரர் பணத்தைத்தான் நினைப்பார். படிவம் நிரப்பியது, வாட்ஸாப்பில் விசாரித்தது போன்ற பணமில்லாத பலன்களுக்கும் இதே கணக்கு உண்டு. அங்கே வரவு எங்கே வந்தது என்று கேட்பார்கள்.

இன்னொன்று. இப்போது இந்தக் கணக்கில் கணிசமான பகுதி எண்ணியதே அல்ல, மதிப்பிட்டது. அதையும் சொல் தாங்கவேண்டும். எப்படி இந்த நிலை வந்தது என்பதைக் கையேட்டிலும் சுருக்கமாகச் சேர்க்கலாம்:

வந்தவரை அடையாளம் காண இணையப் பக்கம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு குக்கீ. 2019இல் ஆப்பிளின் உலாவியான சஃபாரி, பக்கத்தின் நிரல் எழுதும் குக்கீயின் ஆயுளை 7 நாளாக வெட்டியது. விளம்பரக் குறியோடு வந்த இணைப்பானால் சில இடங்களில் 24 மணி நேரம். 2020 மார்ச்சில் மூன்றாந்தரப்புக் குக்கீயை (பார்க்கும் தளம் அல்லாத வேறு தளம் வைப்பதை) முழுக்க அடைத்தது. 2021 ஏப்ரலில் ஐபோனுக்கு ஐஓஎஸ் 14.5 வந்தபோது, பிற செயலிகளில் பயனரைத் தொடர அனுமதி கேட்கும் பெட்டி கட்டாயமானது. அதையொட்டித்தான் மெட்டா 28 நாள் கணக்கை விட்டு 7 நாளுக்கு இறங்கியது. ஆகவே அந்த 7 என்ற எண்ணில் வாடிக்கையாளர் மனத்தைப் பற்றிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. கிடைக்கிற தரவு அவ்வளவு.

கூகுளின் உலாவியான குரோம் கதை வேறு. 2020இல் மூன்றாந்தரப்புக் குக்கீயை எடுத்துவிடுவோம் என்றார்கள். 2024 ஜனவரியில் நூற்றுக்கு ஒரு பயனரிடம் நிறுத்திப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் பின்வாங்கினார்கள். 2025 ஏப்ரலில் தனி அனுமதிப் பெட்டியும் இல்லை என்றார்கள். அக்டோபரில், குக்கீக்கு மாற்றாகக் கட்டிய கருவிகளில் பெரும்பாலானவற்றை மூடுவதாக அறிவித்தார்கள். நாம் சொல் தேடிக்கொண்டிருக்கும் அட்ரிபியூஷனுக்கென்றே இருந்த இடைமுகமும் அதில் ஒன்று. 'குக்கீ செத்துவிட்டது' என்று எழுதிய பாடநூல்களைத் திருத்த வேண்டும்.

ரெயூனியன் பிரான்சின் பகுதி, ஆகவே ஐரோப்பியத் தரவுச் சட்டம் இங்கே அப்படியே செல்லும். மறுத்தவரைத் தொடரக்கூடாது. மறுப்பதும் ஏற்பதைப் போல எளிதாக இருக்கவேண்டும். அப்படி இல்லாததற்காகத்தான் பிரெஞ்சுத் தரவு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டதாக 2022 ஜனவரியில் அறிவித்தது. மறுத்தவர்களின் பலனை கூகுள், ஒப்பியவர்களின் போக்கைக்கொண்டு மதிப்பிட்டு நிரப்புகிறது. மொரீஷியஸ் கடை ரெயூனியனுக்கும் விற்றால், அந்த வாடிக்கையாளர்களுக்கு இது பொருந்தும் என்பதை மறக்கவேண்டாம்.

மொக்காவிலிருந்து

அன்புடையீர், கணக்கைப் பற்றி நான் பேசவில்லை, அது உங்கள் துறை. சொல்லைப் பற்றி மட்டும்.

உரித்தாக்கம் ஆகாது. 'உரித்தாகுக' என்பதில் உடைமை மாறும் பொருள் இருக்கிறது. விற்பனை விளம்பரத்தின் உடைமை ஆவதில்லை. நன்றி உரைக்கும் மேடைகளில் அந்தச் சொல் ஏற்கெனவே தேய்ந்தும் போயிற்று.

தமிழில் இதற்கு நேரான வினை ஒன்று உண்டு: சார்த்துதல். ஒரு புகழை, ஒரு செயலை இன்னார்மேல் சார்த்திப் பாடினார் என்று எழுதுகிறோம். அவர் உண்மையிலேயே செய்தாரா என்பது வேறு கேள்வி. சார்த்தியது பாடியவர் முடிவு. டர்பன் தம்பி காரணம் வேண்டாம் என்றாரே, அந்த வேறுபாடு இந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. இலக்கண உரைகளில் வரும் 'ஏற்றிச் சொல்லுதல்' என்பதையும் நினைத்தேன். ஆனால் பட்டியலில் பதிவேற்றம், தரவேற்றம் என்று ஏற்றம் ஏற்கெனவே நிறைய.

பெயர்: சார்த்துகை. தொகையில் வரும்போது 'சார்த்து' போதும்.

சொடுக்குவழிச் சார்த்து, பார்வைவழிச் சார்த்து, கடைசிச்சொடுக்குச் சார்த்து, தரவுவழிச் சார்த்து, சார்த்து முறை, சார்த்துக் காலம். எது எதன்மேல் என்பது வாக்கியத்திலும் இடறாது: 'இந்த விற்பனை யூடியூப் விளம்பரத்தின்மேல் சார்த்தப்பட்டது.'

டர்பனிலிருந்து

> சார்த்துகை

அம்மா, நல்ல சொல். ஆனால் எங்கள் பக்கம் கதவைச் சாத்து என்பதுதான் முதலில் காதில் விழும். ரகரம் இருக்கிறதா இல்லையா என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

மொக்காவிலிருந்து

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மாலை சாத்துவதும் தெரியும் தம்பி. மாலையைப் பத்துப் பேர் கட்டினாலும் சாத்துவது ஒரு கழுத்தில். முழுப் பலனையும் கடைசிச் சொடுக்குக்கே எழுதும் உங்கள் கடைசிச்சொடுக்கு முறை அதுதானே? 'சாத்து' என்று எழுதினாலும் பொருள் கெடாது. பட்டியலில் ரகரத்தோடு வைப்போம்.

சென் தெனியிலிருந்து

சார்த்துகைக்கு என் ஒப்புதல். ஒரு திருத்தம் மட்டும்: 'தரவுவழிச் சார்த்து' ஒரு கழுத்தில் போடாது. ஒரே பலனை 0.4, 0.35, 0.25 என்று பல சொடுக்குகளுக்குப் பிரித்துப் போடும். அறிக்கையில் 12.65 விற்பனை என்று வந்தால் கடைக்காரர் மிரளக்கூடாது. கூகுள் ஆட்ஸில் 2021இல் அறிவித்தபடி, புதிதாக அமைக்கும் பலன் வகைகளுக்கு இதுவே இயல்பு. முதற்சொடுக்கு, சமபங்கு, காலத்தேய்வு, இடவாரி ஆகிய நான்கு முறைகளையும் 2023இல் எடுத்துவிட்டார்கள், தளத்துக்கு வருபவரை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸிலும்தான். பழைய பயிற்சிநூல்களில் இன்னும் அந்த நான்குக்கும் படம் போட்டு விளக்கம் இருக்கிறது. நம் பட்டியலில் அவற்றுக்குச் சொல் தேடி நேரம் கழிக்க வேண்டாம்.

நாள் பிசகு பற்றியும் கையேட்டில் இரண்டு வரி வேண்டும். 28ஆம் தேதி சொடுக்கி, அடுத்த மாதம் 3ஆம் தேதி வாங்கினால், கூகுள் ஆட்ஸின் வழக்கமான பத்தி அதை 28ஆம் தேதியில் எழுதும். அனலிட்டிக்ஸ் 3ஆம் தேதியில் எழுதும். மாத முடிவில் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று வரும் புகார்களில் பல இதனால்தான். கூகுள் ஆட்ஸில் பலன் நிகழ்ந்த நாள்வழிப் பத்தி தனியே உண்டு, அதைச் சேர்த்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். சென்ற மாத அறிக்கையை 1ஆம் தேதியே எடுத்து வைத்தாலும் குறைவாகத்தான் தெரியும். கெடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

போர்ட் லூயிஸிலிருந்து

பலரும் ஒப்புவதால் சார்த்துகை என்றே எழுதிக்கொள்கிறேன். ஒரு கேள்வி பாக்கி. பலர் கணக்கில் சார்த்துகையே விழுவதில்லை, விற்பனை மட்டும் நடக்கிறது. அந்தக் குறையை எப்படிச் சொல்வது, எப்படிச் சரிசெய்வது?

டர்பனிலிருந்து

'சார்த்தாப் பலன்' என்று சொல்லலாம். எங்கே ஒழுகுகிறது என்று நான்கு இடம் பார்க்கவேண்டும்.

முதலில் உள்ளுலாவி. ஃபேஸ்புக்கில் சொடுக்கினால் பக்கம் செயலிக்குள்ளேயே திறக்கிறது. பிறகு அதே ஆள் சஃபாரியில் வந்து வாங்கினால், குக்கீ இரண்டுக்கும் பொதுவில்லை.

அடுத்தது, யூடிஎம் குறிகள், அதாவது வந்தவர் எந்த விளம்பரத்திலிருந்து வந்தார் என்று காட்ட இணைப்பு முகவரியில் ஒட்டும் சொற்கள். பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறினால் ஒரே மூலம் அறிக்கையில் இரண்டு வரியாகப் பிரியும். தமிழில் பெயர் வைத்தால் ஒவ்வொரு யூனிகோடு குறியும் மூன்று பைட், முகவரியில் ஒன்பது குறிகளாக நீளும். 'காவடி' ஐந்து எழுத்துக்குறி, 45ஆக ஆகும். தொல்லையே வேண்டாம்: குறிகளை மட்டும் உரோமன் சிறிய எழுத்தில் வையுங்கள். தமிழ்ப் பற்று இங்கே உதவாது.

மூன்றாவது, கடையின் சர்வரிலிருந்து நேரடியாகப் பலனை அனுப்பும் வழி. உலாவியும் அனுப்பும், சர்வரும் அனுப்பும். இரண்டிலும் நிகழ்வின் பெயரும் நிகழ்வு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் மெட்டா ஒன்றைத் தள்ளும், அதுவும் 48 மணி நேரத்துக்குள் வந்தால். ஆர்டர் எண்ணையே நிகழ்வு எண்ணாக வைப்பது சுளுவு. இது தவறினால் சார்த்துகை குறையாது, இரட்டிப்பாகும். அதைப் பார்த்துக் கடைக்காரர் மகிழ்ந்து செலவைக் கூட்டுவதுதான் கூடுதல் கேடு.

நான்காவது தொலைபேசி எண். மெட்டாவுக்கு எஸ்எச்ஏ-256 முறையில் குழைத்து (எண் தெரியாதபடி வேறொரு கோவையாக மாற்றி) அனுப்புமுன் நாட்டு எண்ணோடு, முன்சுழியும் (முன்னால் வரும் 0) இடைவெளியும் கூட்டல்குறியும் இல்லாமல் எழுதவேண்டும். தென்னாப்பிரிக்காவில் முன்சுழியை எடுத்து 27. ரெயூனியனில் 0692 என்று தொடங்குவது 262692 ஆகும். மொரீஷியஸில் முன்சுழியே கிடையாது, 5இல் தொடங்கும் எட்டு இலக்கத்தின் முன் 230 சேர்த்தால் போதும். ஒரு இலக்கம் பிசகினாலும் குழைத்த கோவை அடியோடு வேறாகிவிடும், ஆள் பொருந்தமாட்டார். பிழைச்செய்தியும் வராது.

எண்ணை அனுப்ப வாடிக்கையாளர் ஒப்புதல் வாங்கியிருக்கிறதா என்பது தனி. எங்கள் தென்னாப்பிரிக்கத் தனித்தரவுச் சட்டம் 2021 ஜூலை முதல் முழு நடைமுறையில் இருக்கிறது. உங்கள் மொரீஷியஸில் 2017ஆம் ஆண்டுச் சட்டம். கடைசியில் 'மறைத்துத்தானே அனுப்பினோம்' என்பது பதிலாகாது.

சென் தெனியிலிருந்து

இன்னொரு சொல்லையும் இதோடு முடித்துவிடுவோம். காரணத்தைக் காட்ட முயல்வது வேறு சோதனை: சிலருக்கு விளம்பரத்தை வேண்டுமென்றே காட்டாமல் ஒதுக்கிவைத்து, இரு குழுக்களின் விற்பனை வேறுபாட்டைப் பார்ப்பது. அந்த வேறுபாட்டுக்கு கூடுதல் விளைவு, ஒதுக்கிய குழுவுக்கு ஒதுக்குக் குழு. கடைப்பெயரையே தேடி வந்தவருக்குக் காட்டிய விளம்பரம் சார்த்துகையில் அள்ளிக் குவிக்கும், கூடுதல் விளைவில் பெரும்பாலும் சூம்பிப்போகும்.

ஊர்வாரியாகப் பிரித்துச் சோதிப்பது தென்னாப்பிரிக்காவில் நடக்கும்: குவாசூலு-நட்டாலில் காட்டி, கௌடெங்கில் நிறுத்தலாம். மொரீஷியஸில் காலையில் பிளேன் வில்ஹெம்ஸிலிருந்து போர்ட் லூயிஸுக்கு வேலைக்குப் போய் மாலை திரும்புகிறார்கள். கைபேசி இரண்டு மாவட்டத்திலும் விளம்பரம் பார்த்துவிடும். அங்கே வாரம் விட்டு வாரம் நிறுத்திப் பார்ப்பதே மேல், காவடி தீபாவளி வாரங்களைத் தவிர்த்து.

மொக்காவிலிருந்து

கூடுதல் விளைவு சரி. ஒரு மாற்றம்: 'சார்த்துக் காலம்' என்று நானே சொன்னது சரியில்லை. விளம்பரம் ஓடும் காலம் என்று படித்துவிடுவார்கள். நண்பர்கள் இருவரும் தங்களை அறியாமல் மேலே 'கெடு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே இருக்கட்டும்.

போர்ட் லூயிஸிலிருந்து

பதிந்துவிட்டேன்:

சார்த்துகை: ஒரு பலனை, கெடுவுக்குள் நிகழ்ந்த சொடுக்கு அல்லது பார்வையின்மேல் எழுதும் கணக்கு. அந்த விளம்பரம்தான் பலனை உண்டாக்கியது என்று பொருளாகாது; அதற்குக் கூடுதல் விளைவு பார்க்க.

சார்த்துக் கெடு: சொடுக்கு அல்லது பார்வைக்கும் பலனுக்கும் இடையே தளம் ஒப்பும் மிகுதியான நாள். மெட்டா: சொடுக்கு 7, பார்வை 1. கூகுள் ஆட்ஸ்: சொடுக்கு 30, யூடியூபில் 10 நொடி நின்று பார்த்தது 3, வெறும் பார்வை 1.

'நின்று பார்த்தது' என்பதற்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும். வெள்ளிக்கிழமை கோப்பு அச்சுக்குப் போகிறது.